மாமா விட்டுட்டுப் போன 23 சைக்கிள்

போன தை மாசம் எங்க மாமா தவறிட்டார். வயசு 78. ஆலங்குடி பக்கத்துல பல வருஷம் வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தவர். கடையை மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா சைக்கிள் சேர்க்கிறதை மட்டும் அவர் விடவே இல்லை. ரிப்பேருக்கு விட்டுட்டுத் திரும்ப வராதவங்க வண்டி, பெரிய வீட்டுக்காரங்க பரண்ல கிடந்து இரும்பு விலைக்குப் போக இருந்த வண்டின்னு வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில அடுக்கி வச்சிருந்தார். எண்ணிப் பார்த்தா மொத்தம் 23.

மாமாவோட வைத்தியச் செலவுக்கு அத்தையோட ரெட்டைவடச் சங்கிலியை அடகு வச்சிருந்தாங்க. வட்டியோட சேர்த்து 1,06,000 ரூபாய் கட்டணும். பங்குனி முடியறதுக்குள்ள திருப்பலைன்னா ஏலத்துக்குப் போயிரும்னு தபால் வந்திருச்சு. மூத்த பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், அவனே கடன்ல இருக்கான். சின்னவன் சிங்கப்பூர்ல, இப்பதான் போன வருஷம் போனான், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணமே அடையலை. அத்தை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவரு சேர்த்த இரும்பு அவருக்கே ஆகட்டும். வித்துக் கொடு"ன்னாங்க. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்துல நான் அந்தக் கடையில பஞ்சர் ஒட்டினவன், கோட்டம் எடுக்கக் கத்துக்கிட்டவன். அதனால என் தலையில விழுந்துச்சு.

மொத்தமா எடுத்துக்கிறேன்னு மெட்ராஸ்ல இருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி வந்தார். கொட்டகையை ஒரு சுத்துச் சுத்தி வந்து 23-க்கும் சேர்த்து 60,000-ன்னார். அத்தை என் முகத்தைப் பார்த்தாங்க. நான் பத்து நாள் டைம் கேட்டேன். எது எந்தக் காலத்து வண்டின்னு தெரியாம விலை சொல்றது, அளக்காம நெல்லைப் போடுற மாதிரி.

பிரிக்கிற வேலை அப்படித்தான் ஆரம்பிச்சது. கஜா புயல்ல, 2018 நவம்பர் 16 அன்னைக்கு, கொட்டகைக் கூரை பறந்து போயி பக்கத்துத் தென்னந்தோப்புல கிடந்துச்சு. எங்க பக்கம் தென்னை போனதையே யாராலயும் தாங்க முடியலை, சைக்கிளை யார் பார்க்கிறது? அந்த மழையில நனைஞ்ச வண்டிங்கள்ல பாதிக்குப் பேர் எழுத்தே இல்லை. பெயிண்ட் உரிஞ்சு, முன்னாடி இருக்கிற பித்தளைப் பட்டையும் கழண்டு போயிருந்துச்சு. ஆனா பழைய ஆளுங்களுக்குத் தெரியும், சைக்கிளோட ஜாதகம் செயின்வீல்ல இருக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சதும் ஒவ்வொண்ணா வெளியில வந்துச்சு. கொக்குத் தலை இருந்தா ராலே. விரிச்ச கை இருந்தா ரட்ஜ். சின்னச் சின்னதா ஆளுங்க கையைக் காலை விரிச்சு நிக்கிற மாதிரி இருந்தா ஹம்பர். ஹம்பருக்கு இன்னொரு அடையாளம், முன் போர்க்கு ரெட்டைக் குழலா இருக்கும். பி.எஸ்.ஏ.ன்னா மூணு துப்பாக்கியைச் சாய்ச்சு வச்ச படம். அது ஏன் துப்பாக்கின்னு சின்ன வயசுல மாமாகிட்ட கேட்டிருக்கேன். அந்தக் கம்பெனி முதல்ல துப்பாக்கி செஞ்ச கம்பெனி. பேரே பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல ஆரம்பிச்சது. சண்டை இல்லாத காலத்துல சும்மா இருக்கிற பட்டறையில சைக்கிள் சாமான் செய்ய இறங்கினாங்க.

இப்படிப் பிரிச்சதுல இங்கிலாந்து வண்டி ஆறு. ராலே ரெண்டு, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் ஒவ்வொண்ணு. நம்ம நாட்டு வண்டி பத்து. அம்பத்தூர் ஹெர்குலிஸ் அஞ்சு, சென்-ராலே ரெண்டு, அட்லஸ் ரெண்டு, ஹீரோ ஒண்ணு. மீதி ஏழும் வெறும் பிரேமும் ரிம்மும்தான்.

ராலே பெருசா ஹம்பர் பெருசான்னு நாங்க சின்னப் பசங்களா இருந்தப்போ சண்டை போட்டுச் சட்டையே கிழிஞ்சிருக்கு. இப்ப உக்காந்து வரலாறைப் பார்த்தா சிரிப்பு வருது. ஹம்பரை 1932-லயே ராலே வாங்கிருச்சு. ரட்ஜை 1943-ல வாங்கிச்சு. பி.எஸ்.ஏ. சைக்கிளை 1957-ல வாங்கிச்சு. இந்தப் பக்கம் ஹெர்குலிஸும் ஃபிலிப்ஸும் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்ங்கிற இன்னொரு பெரிய கம்பெனி கையில இருந்துச்சு. கடைசியா 1960-ல அந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ராலேவையே எடுத்துக்கிச்சு. கொட்டகையில தனித்தனியா நின்ன ஆறு இங்கிலாந்து வண்டியும் கடைசியில ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

அதோட விடலை. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கூடச் சேர்ந்துதான் 1949-ல நம்ம பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்சது. பள்ளத்தூர் எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை, காரைக்குடி பக்கம். பர்மா, மலாயான்னு லேவாதேவி பண்ண குடும்பங்கள் வாழ்ந்த ஊர். அவங்க அம்பத்தூர்ல பட்டறை போட்டு ஹெர்குலிஸ்ங்கிற பேர்லயே வண்டி இறக்கினாங்க. அதே சமயத்துல வங்காளத்துல அசன்சோல்ல சென் குடும்பம் ராலே கூடச் சேர்ந்து சென்-ராலே போட்டாங்க. 1951-ல சோனிபட்ல அட்லஸ், 1956-ல லூதியானாவுல ஹீரோ. சுதந்திரம் வாங்கின பத்து வருஷத்துக்குள்ள நாலும் வந்தாச்சு. அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஒரு சைக்கிள் வேணும்னா பெரும்பாலும் கப்பல்ல வரணும். புதுக்கோட்டை சமஸ்தானமா இருந்த காலத்துல, அதாவது 1948 மார்ச்சுக்கு முன்னாடி, எங்க ஊர்ல ரெண்டே ரெண்டு சைக்கிள்தான் இருந்துச்சாம். ஒண்ணு கணக்குப்பிள்ளையோடது, இன்னொண்ணு அம்மை குத்த வர்றவரோடது. இது எங்க அம்மா சொல்லிக் கேட்டது.

நல்ல விலைக்குப் போகும்னு நினைச்சது மூணு கியர் வச்ச ராலே. அதுக்குத் தனிக் கதை உண்டு. எங்க தாத்தா, அதாவது மாமாவோட அப்பா, பினாங்குல தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் மலாயாவுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி அங்க வாங்கின சைக்கிள் இது, ஜப்பான்காரன் கண்ணுல படாம வாழைத் தோட்டத்துல புதைச்சு வச்சுக் காப்பாத்தி, ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துல வந்து இறக்கினார்னு வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. சொல்றதுல அர்த்தம் இல்லாமலும் இல்லை. 1941 கடைசியில ஜப்பான் பட்டாளம் மலாயாவுல சைக்கிள்லதான் இறங்கி வந்துச்சு. உள்ளூர்க்காரங்க வண்டியையும் பிடுங்கிக்கிட்டாங்க. அதனால புதைச்சு வச்சிருப்பாருன்னா நம்பலாம்.

ஆனா அந்த ராலேயோட பின் சக்கரத்துல இருக்கிற ஹப்பு ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பு. அதுல ஒரு வசதி. செஞ்ச வருஷத்தையும் மாசத்தையும் ஹப்பு மேலயே குத்தி விட்டிருப்பாங்க. இருபது வருஷத்துக் கிரீஸைச் சுரண்டிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தா 51, அதுக்குக் கீழ 11. 1951 நவம்பர். ஜப்பான்காரன் போயி ஆறு வருஷம் கழிச்சுச் செஞ்சது.

ஹப்பை மட்டும் பிற்காலத்துல மாத்தியிருக்கலாமேன்னு நினைச்சேன். பின் சக்கரம் 40 கம்பி, முன் சக்கரம் 32 கம்பி, எல்லாம் ஒரே காலத்து நிக்கல். ஹேண்டில்பார்ல கியர் கம்பி போற கொக்கியும் பிரேம்ல ஒயர் போற உருளையும் அதோடவே வந்த மாதிரி பொருந்தியிருந்துச்சு. மாத்தின வண்டி மாதிரித் தெரியலை. அம்மாகிட்ட கேட்டேன். அவங்களுக்கு வயசு 84, ஞாபகம் நல்லா இருக்கு. தாத்தா ரெண்டு தடவை வந்தாராம். சண்டை முடிஞ்சதும் ஒரு தடவை வெறுங்கையோட வந்தார். திரும்பப் போயி, அங்க கம்யூனிஸ்ட் கலவரம் நடந்துக்கிட்டு இருந்தப்போ, 1953-ல நிரந்தரமா வந்தார். சைக்கிள் வந்தது அந்த ரெண்டாவது தடவை. அப்ப புதைச்ச சைக்கிள்? "அது வேற. அதைத் தோண்டிப் பார்த்தப்ப துரு பிடிச்சு ஒண்ணும் இல்லைன்னு அழுதாராம்"னாங்க அம்மா. கதை ஒரு சைக்கிளோடது, வீட்டுல நின்னது இன்னொரு சைக்கிள். எழுபது வருஷத்துல ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு.

வியாபாரி திரும்ப வந்தப்போ இந்தப் புதைச்ச கதையை யாரோ டீக்கடையில அவர்கிட்ட சொல்லிட்டாங்க. "கதையோட குடுங்கண்ணே, 30,000 தர்றேன். நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னார். அத்தைக்கு வேண்டியிருந்த பணம் எனக்குத் தெரியும். ஆனா ஹப்புல குத்தியிருக்கிறதை நான் எப்படி அழிக்க முடியும்? 51-ங்கிறதைக் காட்டினேன். பினாங்குல இருந்து வந்தது நிஜம், ஜப்பான் கதை இதோடது இல்லைன்னேன். 22,000-க்கு இறங்கிட்டார். அத்தை உள்ளேருந்து, "அந்த மனுசன் அளந்ததுக்கெல்லாம் காசு வாங்கினா அப்புறம் நாங்க கோடீஸ்வரங்கதான்"னு ஒரு வார்த்தை சொன்னாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சது. ஹம்பர் 25,000, இன்னொரு ராலே 12,000, ரட்ஜ் 14,000, பி.எஸ்.ஏ. 11,000, ஃபிலிப்ஸ் 8,000. ரட்ஜுக்கு அவர் முதல்ல ஆறாயிரம்தான் கேட்டார், செயின்வீல் மட்டும்தான் ரட்ஜ், பிரேம் வேறன்னு. இதுல ஒரு தொழில் விஷயம் இருக்கு. ராலே பட்டறையில செஞ்ச பிரேமுக்கு கீழ இருக்கிற பி.பி. கப்போட மரை இஞ்சுக்கு 26. மத்த இங்கிலாந்து வண்டிக்கெல்லாம் 24. ஒண்ணுக்கு ஒண்ணு ஏறாது. மாமா பெட்டியில ரெண்டு கப்பும் இருந்துச்சு. கழட்டி மாட்டிக் காட்டினேன், 26-தான் ஏறிச்சு. ராலே கைக்குப் போன பிறகு வந்த ரட்ஜுன்னு ஒத்துக்கிட்டார். மரையெல்லாம் மாமா விரல்ல தடவியே சொல்லுவார், எனக்குக் கப்பு வேணும்.

சென்-ராலே ரெண்டையும் காரைக்குடியில ஒரு வாத்தியார் 7,000 கொடுத்து வாங்கிட்டுப் போனார். பழைய இரும்புக்காரர் ஏழு பிரேமையும் துண்டு துக்காணியையும் தூக்கி எடை போட்டார். 96 கிலோ, கிலோ 30.

அந்த இரும்புக்காரர் தள்ளுவண்டியிலதான் மாமாவோட வாடகை நோட்டுங்களும் ஏறிச்சு. பழைய பேப்பர்னு அத்தையே எடுத்துப் போட்டுட்டாங்க. கட்டு அவிழ்ந்து ஒண்ணு கீழ விழுந்துச்சு, எடுத்துப் புரட்டினேன். அப்புறம் மொத்தக் கட்டையும் இறக்கச் சொல்லிட்டேன். மழையில நனைஞ்சு ஒட்டினது போக 14 நோட்டு உருப்படியா இருந்துச்சு. என்னைக் கேட்டா, அந்தக் கொட்டகையிலேயே விலை மதிப்பான சாமான் அதுதான். வாங்க ஆள் கிடையாது, அது வேற விஷயம்.

நோட்டுல அஞ்சு பத்தி. வண்டி நம்பர், பேரு, எடுத்த நேரம், விட்ட நேரம், காசு. முதல் நோட்டு 1972. ஒரு மணி நேரத்துக்கு 15 பைசா. அப்புறம் கால் ரூபா, அரை ரூபா, கடைசியில ரெண்டு ரூபா. யாரு எதுக்கு எடுத்தாங்கன்னும் சில இடத்துல மாமா குறிச்சிருக்கார். 'ஆஸ்பத்திரி', 'மாடு பிடிக்க', 'பொண்ணு பார்க்க'. பொண்ணு பார்க்கப் போனவன் நாலு மணி நேரம் வச்சிருந்திருக்கான், காசுக்கு நேரா 'பாக்கி'ன்னு இருக்கு. பொண்ணு அமையலை போல. ராத்திரி வண்டி எடுத்தவங்க பேருக்குப் பக்கத்துல 'லை'ன்னு ஒரு எழுத்து. லைட்டோட கொடுத்ததுன்னு அர்த்தம். லைட் இல்லாமப் போனா போலீஸ்காரர் நிறுத்தி ரெண்டு சக்கரத்துலயும் காத்தைப் பிடுங்கி விட்டுருவார், டபுள்ஸ் போனாலும் அதே தண்டனை. சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி வாங்கின தகர வில்லைங்க ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்துச்சு.

இருபது வருஷ நோட்டுல ஒரே ஒரு பொம்பளை பேர்கூட இல்லை. வாடகை சைக்கிள் கடைப் பக்கம் பொம்பளைப் பிள்ளை நின்னாலே பேச்சுதான். பாரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போடுறதான்னு கேட்ட ஊர் எங்க ஊர். குரங்குப் பெடல் போட்டுப் பழகின பசங்க பேரு மட்டும் பக்கம் பக்கமா இருக்கு, என் பேரும்தான்.

1992 தை மாசத்துப் பக்கத்துலதான் அது மாறுது. புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் 1991-ல ஆரம்பிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்ப ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற இயக்கம், கூடவே பொம்பளைங்க சைக்கிள் பழகணும்னு இறங்கினாங்க. சாயங்காலத்துல குளத்தாங்கரைப் பொட்டல்ல கூட்டமா வந்து பழகினாங்க. அந்த வருஷம் மார்ச் 8-ம் தேதி, மகளிர் தினத்துக்கு, 1,500 பொம்பளைங்களுக்கு மேல புதுக்கோட்டையில சைக்கிள் ஊர்வலம் போனாங்க. பத்திரிகைக்காரர் சாய்நாத் இதை நேர்ல வந்து பார்த்து எழுதினார், வெளிநாட்டுலகூடப் படிச்சாங்க. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துருச்சு. அதனால பார் வச்ச ஆம்பளை சைக்கிள்லயே பழகிட்டாங்க. பின்னாடி அதுவே வசதின்னு ஆயிருச்சு. பார்ல சின்னப் பிள்ளையை உக்கார வச்சு, கேரியர்ல குடத்தையோ மூட்டையையோ வச்சுக்கிட்டுப் போகலாம் பாருங்க.

மாமா நோட்டுல அது எப்படி வருதுன்னு சொல்றேன். முதல் வரி, 'கீழத்தெரு இன்னார் மனைவி, வண்டி 11, 4 மணி முதல் 5 மணி'. ஆம்பளைக்குப் பேரு எழுதின மனுசன் பொம்பளைக்குப் புருஷன் பேரைத்தான் எழுதியிருக்கார். ஒரு மாசத்துக்கு இப்படியே போகுது. மாசி கடைசியில திடீர்னு கையெழுத்து மாறுது. கோணல் மாணலா, கோட்டை விட்டு மேலயும் கீழயும் போற எழுத்து. வண்டி எடுத்தவங்களே அவங்க பேரை எழுதியிருக்காங்க. ராத்திரி அறிவொளி வகுப்புல கத்துக்கிட்டதை மறுநாள் சாயங்காலம் சைக்கிள் கடை நோட்டுல எழுதிப் பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் 'இன்னார் மனைவி'ன்னு ஒரு இடத்துலயும் இல்லை. சித்திரைப் பக்கத்துல அத்தை பேரும் இருக்கு. சொந்தக் கடையில சொந்த வண்டியை எடுத்ததுக்கு அரை ரூபா வரவு வச்சிருக்கார். அத்தைகிட்ட காட்டினேன். "அந்தக் காசை என் பூக் காசுல பிடிச்சாரு"ன்னாங்க.

அத்தை அதுக்கப்புறம் பல வருஷம் கேரியர்ல பூ மூட்டை வச்சுக் கீரமங்கலம் பூக்கடைக்கு சைக்கிள்லயே போனவங்க. வாடகைக் கடை வருமானம் படுத்த பிறகு வீட்டை நடத்தினது அந்தப் பூதான். கடை ஏன் படுத்துச்சுன்னா ஆளாளுக்குச் சொந்த வண்டி வந்துருச்சு, டி.வி.எஸ். 50 வந்துருச்சு. 2001-ல தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பொண்ணுங்களுக்குன்னு தொடங்கின இலவச சைக்கிள் அப்புறம் பதினொண்ணாவது படிக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும் வந்துச்சு. வாடகைக்கு யாரு வருவா? மாமா அதுல வருத்தப்பட்ட மாதிரித் தெரியலை. இலவச சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்தார்.

கடைசியில மிஞ்சினது ஓட்டுற நிலையில இருந்த நம்ம நாட்டு வண்டிங்க. அட்லஸ் ரெண்டும் 2,400. ஹீரோ ஆயிரம். ஹெர்குலிஸ் நாலு 5,200. எல்லாம் ஊருக்குள்ளயே போச்சு. மிச்சம் ஒரு ஹெர்குலிஸ், பின் மட்கார்டுல வெள்ளைப் பெயிண்ட்ல 11. பொம்பளைங்க பழகி விழுந்து விழுந்து பார் லேசா வளைஞ்சிருக்கும், சீட்டு மூணு தடவை மாத்தினது. வியாபாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. இரும்புக்காரர் தூக்கிப் பார்த்துட்டு 20 கிலோ வரும்னார். நான் அதை நிறுத்தி வைக்கலாமான்னு அத்தைகிட்ட கேட்டேன். "நிறுத்தி வச்சு? மழையில நனையவா?"ன்னாங்க.

நாலு நாள் கழிச்சுக் கீழத்தெருவுல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், நூறு நாள் வேலைக்குப் போறவங்க. நோட்டுல முதல் வரி இவங்கதான். அதைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "ஆமா, அப்ப எம் பேரு எழுத வராது"ன்னு சொல்லிட்டு நேரா வண்டிகிட்டப் போயிட்டாங்க. கேரியரைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தாங்க. ரெண்டு மாடு வச்சிருக்காங்களாம், புல்லுக்கட்டு ஏத்த இந்தக் காலத்துக் கேரியரெல்லாம் தாங்கலையாம். அத்தை ஆயிரம் சொன்னாங்க, அவங்க ஐந்நூறு கேட்டாங்க. ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேரம் பேசி 800-ல முடிச்சாங்க.

மொத்தம் 1,11,280. அடகைத் திருப்பினது போக 5,280 மிச்சம். ஏலத்துக்கு ஒன்பது நாள் இருந்துச்சு.

11-ம் நம்பருக்குப் பின் டியூப் செத்துப் போயிருந்தது. புது டியூப் மாட்டி, காத்தடிச்சு, ராடு பிரேக் கட்டையைக் கொஞ்சம் நகர்த்தி விட்டேன். அந்த அம்மா ஒரு மிதி மிதிச்சு ஏறிப் போயிட்டாங்க. டியூப் காசு யாரு கணக்குன்னு அத்தை கேட்டாங்க.